அன்ரியல் எஞ்சின் மூலநிரலுக்குள் எஃப்எஸ்ஆர் 3 பிளகினைச் சேர்ப்பது எப்படி

எஃப்எஸ்ஆர் 3 என்பது விளையாட்டின் படத்தைக் குறைந்த அளவில் வரைந்து திரையளவுக்குப் பெரிதாக்கும் (அப்ஸ்கேலிங்) ஏஎம்டியின் நுட்பம். எபிக் லாஞ்சரிலிருந்து இறக்கிய அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் அதன் பிளகினைச் சேர்ப்பது சில நிமிட வேலை. கிட்ஹப்பிலிருந்து மூலநிரலை எடுத்து நாமே கம்பைல் செய்த எஞ்சினில் அதே பிளகினைச் சேர்க்கும்போதுதான் பிழைச்செய்திகள் வரிசை கட்டி நிற்கும். அவற்றில் பெரும்பாலானவைக்குக் காரணம் ஒன்றுதான். எஞ்சின் பதிப்பு, பிளகின் எந்தப் பதிப்புக்காக எழுதப்பட்டது என்பது, கம்பைலர் பதிப்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கும். தொடங்குமுன் இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் எஞ்சின் 5.4.4, பிளகினில் 5.4க்கான பகுதி, விஷுவல் ஸ்டூடியோ 2022இல் எம்எஸ்விசி (மைக்ரோசாஃப்டின் சி++ கம்பைலர்) 14.38 என்று வைத்துக்கொள்வோம். இயங்குதளம் விண்டோஸ்.

மூலநிரல் எஞ்சின் எல்லாருக்கும் தேவைப்படாது. விளையாட்டுக்குத் தனி டெடிகேட்டட் சர்வர் வேண்டும், அல்லது படத்தை வரையும் பகுதியான ரெண்டரருக்குள் கைவைக்க வேண்டும் என்றால் வேறு வழியில்லை. வெறும் படத்தரத்துக்காக மட்டும் என்றால் லாஞ்சர் பதிப்பே போதும்.

இதே வேலையைச் செய்யும் டிஎல்எஸ்எஸ்ஸை விட்டுவிட்டு எஃப்எஸ்ஆரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. டிஎல்எஸ்எஸ் இயங்க என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் அட்டை வேண்டும். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் குழு ஒன்றை எடுத்துக்கொண்டால் ஒருவரிடம் ஆர்டிஎக்ஸ் லேப்டாப் இருக்கும், இன்னொருவரிடம் ரேடியான் இருக்கும், மூன்றாமவரிடம் இன்டெல் கிராஃபிக்ஸ் மட்டுமே இருக்கும். எஃப்எஸ்ஆரின் அப்ஸ்கேலிங் இந்த மூன்றிலும் ஓடும். அதன் சி++ நிரலும் கூடவே வருவதால் பிழை வந்தால் உள்ளே திறந்து பார்க்கலாம்.

முதலில் பிளகின் இல்லாத எஞ்சின்

பிளகினைத் தொடுவதற்கு முன் எஞ்சின் தனியாகக் கம்பைலாகித் திறக்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்தால், பிறகு வரும் பிழை எஞ்சினுடையதா பிளகினுடையதா என்று பிரித்தறிய வழியே இருக்காது.

எபிக் கணக்கையும் கிட்ஹப் கணக்கையும் இணைத்ததும் எபிக் கேம்ஸ் அமைப்பில் சேரச் சொல்லி மின்னஞ்சல் வரும். அதை ஏற்காதவரை மூலநிரல் பக்கம் 404 என்றே காட்டும். இணைப்பு கெட்டுவிட்டது என்று தேடி அலைய வேண்டாம், மின்னஞ்சலைத் திறந்து ஏற்றுக்கொண்டால் போதும்.

வட்டில் குறைந்தது 200 ஜிபி காலியாக இருக்கட்டும், 300 இருந்தால் நிம்மதி. எஸ்எஸ்டி கட்டாயம். ஃபோல்டரை டி டிரைவின் வேரிலேயே, யூஇ5 போன்ற குட்டிப் பெயரில் வையுங்கள். விண்டோஸில் கோப்புப் பாதை 260 எழுத்தைத் தாண்டினால் பல கருவிகள் திணறும். எஃப்எஸ்ஆர் பிளகினுக்குள் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக எஸ்டிகே நிரல் இருப்பதால், டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் வைத்தவர்களுக்கு ‘கோப்பைக் காணோம்’ என்ற பிழை வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும், கம்பைலருக்குத் தெரியாது.

கிட் குளோன் செய்யும்போது முழு வரலாற்றையும் இழுக்கத் தேவையில்லை. 5.4.4-ரிலீஸ் என்ற டேக்கை மட்டும், டெப்த் 1 என்று கொடுத்து எடுங்கள். ரிலீஸ் கிளையை எடுத்தால் அது பின்னாளில் அடுத்த பதிப்புக்கு நகர்ந்துவிடும், தாளில் எழுதிய எண் பொய்த்துப் போகும். அடுத்து செட்டப்.பேட். இது பல ஜிபி துணைக்கோப்புகளை இறக்கும். சிங்கப்பூரின் ஃபைபர் இணைப்பில் இறக்கம் சீக்கிரம் முடிந்தாலும், கோப்புகளை விரித்து எழுத வட்டுக்கு நேரம் பிடிக்கும். மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு தேவையில்லை என்றால் அவற்றை எக்ஸ்குளூட் செய்யுங்கள், கணிசமான இடம் மிச்சமாகும். பழைய டேக்குகளில் செட்டப் 403 பிழையோடு நின்றுவிட்டால், கிட்ஹப்பில் அந்த ரிலீஸின் பக்கத்தில் கமிட்.கிட்டெப்ஸ் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதை எஞ்சின் ஃபோல்டருக்குள் இருக்கும் பில்ட் ஃபோல்டரில் பழையதன் மேல் வைத்துவிட்டு மீண்டும் ஓட்டினால் இறங்கும்.

பிறகு ஜெனரேட்ப்ராஜெக்ட்ஃபைல்ஸ்.பேட். அது உருவாக்கும் யூஇ5 சொல்யூஷனை விஷுவல் ஸ்டூடியோவில் திறந்து, டெவலப்மெண்ட் எடிட்டர், வின்64 என்று தேர்ந்து, யூஇ5 ப்ராஜெக்ட்டை மட்டும் வலச்சொடுக்கி பில்ட் கொடுங்கள். பில்ட் சொல்யூஷன் கொடுத்தால் தேவையற்ற கருவிகள் எல்லாம் கம்பைலாகும்.

கம்பைலர் பதிப்பில்தான் பலர் வழுக்குகிறார்கள். விஷுவல் ஸ்டூடியோ இன்ஸ்டாலர் எப்போதும் ஆகப் புதிய எம்எஸ்விசியையே போடும். புதிய கம்பைலர் முன்பு பொறுத்துக்கொண்டதை இப்போது எச்சரிக்கையாக்கும், அன்ரியல் எச்சரிக்கையைப் பிழையாக எடுத்துக்கொள்ளும். இன்ஸ்டாலரில் இண்டிவிஜுவல் காம்பொனன்ட்ஸ் பட்டியலில் 14.38ஐத் தனியாகத் தேர்ந்து நிறுவுங்கள். பின் உங்கள் ஆப்டேட்டா ரோமிங் ஃபோல்டரில், அன்ரியல் எஞ்சின், அதற்குள் அன்ரியல்பில்ட்டூல் என்ற இடத்தில் உள்ள பில்ட்கான்ஃபிகரேஷன் எக்ஸ்எம்எல்லைத் திறந்து, விண்டோஸ்பிளாட்ஃபார்ம் பகுதியில் கம்பைலர்வெர்ஷன் 14.38.33130 என்று எழுதிவிடுங்கள். அதன்பிறகு ஸ்டூடியோ எத்தனை முறை அப்டேட் ஆனாலும் எஞ்சின் அசையாது.

அதே கோப்பில் இன்னொரு வரியும் உதவும். ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கம்பைல் வேலைக்கும் ஏறத்தாழ 1.5 ஜிபி ரேம் வேண்டும். 16 த்ரெட் கணினியில் அதுவே 24 ஜிபி. 16 ஜிபி ரேம் லேப்டாப்பில் சி1060, சி3859 என்று நினைவகம் தீர்ந்த பிழைகள் வரும். மேக்ஸ்பாரலல்ஆக்‌ஷன்ஸ் மதிப்பை 6 என்று குறைத்து, விண்டோஸின் பேஜ் ஃபைலைப் பெரிதாக்குங்கள். நேரம் கூடும், ஆனால் முடியும். முடிந்தால் கணினிக் கடைகள் உள்ள சிம் லிம் ஸ்குவேர் போய் ரேமை 32 ஆக்குவதே நல்ல முதலீடு என்பது எங்கள் கருத்து. கிராஃபிக்ஸ் அட்டையை மாற்றுவதைவிட இது அன்றாட வேலையை அதிகம் எளிதாக்கும்.

முதல் பில்ட் சில மணி நேரம் இழுக்கும், அவ்வளவு நேரமும் சிபியு முழுச்சுமையில் இருக்கும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் சிறிய படுக்கையறையில், பிற்பகல் வெக்கையில், கதவைச் சாத்தி லேப்டாப்பை மெத்தையில் வைத்து ஓட்டினால் சிபியு சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். இரவில், மேசையில், அடிப்பக்கம் காற்றோட்டம் இருக்கும்படி வையுங்கள். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை அணைக்க மறக்காதீர்கள்.

எடிட்டர் திறந்ததா? ஒரு புது சி++ ப்ராஜெக்ட்டை உருவாக்கிப் பார்த்து மூடுங்கள். இந்த நிலையை கிட்டில் ஒரு தனிக் கிளையாக வைத்துவிட்டால், எது கெட்டாலும் திரும்பி வர இடம் இருக்கும்.

பிளகினை எங்கே வைப்பது

ஏஎம்டியின் ஜிபியுஓபன் தளத்திலிருந்து இறக்கிய ஜிப்பை விரித்தால் எஞ்சின் பதிப்புவாரியாகப் பகுதிகள் இருக்கும். 5.4க்கானதை மட்டும் எடுங்கள். பக்கத்துப் பதிப்புதானே என்று 5.3ஐ வைத்தால் கம்பைலாகாது. இந்தப் பிளகின்கள் ரெண்டரரின் டெம்பொரல் அப்ஸ்கேலர் என்ற இடைமுகத்தில் கொக்கி போட்டுத் தொங்குகின்றன. எபிக் அந்த இடைமுகத்தின் ஃபங்க்ஷன்களையும் பெயர்வெளியையும் பதிப்புக்குப் பதிப்பு மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. ‘ஓவர்ரைடு செய்ய அடிப்படை ஃபங்க்ஷன் இல்லை’ என்ற வகைப் பிழைகள் கொத்தாக வந்தால் நிரலைத் திருத்த உட்காராதீர்கள், எடுத்த பகுதி சரிதானா என்று பாருங்கள்.

வைக்க இரண்டு இடங்கள் உண்டு. எஞ்சின் ஃபோல்டருக்குள் பிளகின்ஸ், அதற்குள் மார்க்கெட்பிளேஸ் என்பது ஒன்று. மார்க்கெட்பிளேஸ் இல்லாவிட்டால் நீங்களே உருவாக்கலாம். மற்றது உங்கள் ப்ராஜெக்ட்டுக்குள் இருக்கும் பிளகின்ஸ் ஃபோல்டர். ஒரே விளையாட்டில் வேலை செய்பவர்கள் ப்ராஜெக்ட்டுக்குள் வைப்பதே நல்லது. எஞ்சின் மரம் சுத்தமாக இருக்கும், பிளகின் மட்டுமே கம்பைலாகும். ஆனால் ப்ராஜெக்ட்டில் சி++ இருக்க வேண்டும். முழுக்க புளூபிரிண்ட் ப்ராஜெக்ட் என்றாலோ, பல ப்ராஜெக்ட்டுகள் ஒரே எஞ்சினைப் பகிர்ந்தாலோ எஞ்சினுக்குள் வையுங்கள். இரண்டு இடத்திலும் வைப்பது கூடாது. ஒரே பெயரில் இரண்டு பிளகின் இருந்தால் எது எடுபட்டது என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

வைத்தபின் எஃப்எஸ்ஆர்3 ஃபோல்டரைத் திறந்தால் யூபிளகின் கோப்பு நேரடியாகத் தெரிய வேண்டும். ஜிப்பை விரிக்கும்போது எஃப்எஸ்ஆர்3க்குள் இன்னொரு எஃப்எஸ்ஆர்3 உருவாவது வழக்கம், உள்ளதை வெளியே எடுத்துவிடுங்கள்.

பழைய பைனரிகளை நீக்குவது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஆயத்தமாகக் கம்பைல் செய்து வரும் எந்தப் பிளகினிலும் பைனரிஸ் என்ற ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ள மாட்யூல்ஸ் கோப்பில் பில்ட்ஐடி என்று ஓர் அடையாளம் எழுதியிருக்கும். அது லாஞ்சர் எஞ்சினின் அடையாளம். நீங்கள் கம்பைல் செய்த எஞ்சினின் அடையாளம் வேறு. ஆகவே எடிட்டர் திறக்கும்போது, மாட்யூல் காணோம் அல்லது வேறு எஞ்சின் பதிப்பில் கம்பைலானது, மறுபடி கம்பைல் செய்யவா என்று கேட்கும். எஸ் கொடுத்தால் சில வேளை சரியாகும், பல வேளை ‘கம்பைல் செய்ய முடியவில்லை, கையால் செய்யுங்கள்’ என்று மூடிக்கொள்ளும்.

பழைய பைனரிகளை நீக்கிவிட்டு நாமே கம்பைல் செய்வதுதான் சரி. ஆனால் பைனரிஸ் ஃபோல்டரை அப்படியே அழித்துவிடக் கூடாது. சில பிளகின்களில் விற்பனையாளரின் டிஎல்எல் கோப்புகளும் அதே ஃபோல்டருக்குள், தேர்ட்பார்ட்டி என்ற உள்ஃபோல்டரில் இருக்கும். டிஎல்எஸ்எஸ் பிளகின் அப்படித்தான். அந்த டிஎல்எல்லை நம்மால் கம்பைல் செய்து மீட்க முடியாது, திரும்ப இறக்குவது தவிர வேறு வழியில்லை. எனவே பைனரிஸுக்குள் நேரடியாக இருக்கும் வின்64ஐயும், வெளியே இருக்கும் இன்டர்மீடியட்டையும் மட்டும் நீக்குங்கள். தேர்ட்பார்ட்டியைத் தொடாதீர்கள்.

இப்போது ஜெனரேட்ப்ராஜெக்ட்ஃபைல்ஸை மறுபடி ஓட்டுங்கள். பிளகின் ப்ராஜெக்ட்டுக்குள் இருந்தால், யூப்ராஜெக்ட் கோப்பை வலச்சொடுக்கி அதே வேலையைச் செய்யலாம். அந்த மெனுவிலேயே எஞ்சின் பதிப்பை மாற்றும் வசதியும் உண்டு. மூலநிரல் எஞ்சினைத் தேர்ந்தால் யூப்ராஜெக்ட்டுக்குள் ஒரு நீண்ட அடையாள எண் எழுதப்படும். அந்த எண் கணினிக்குக் கணினி வேறு. குழுவில் ஒருவர் அதை கமிட் செய்தால் மற்றவரின் எடிட்டர் எஞ்சினைக் காணோம் என்று நிற்கும்.

பில்ட் கொடுங்கள். இந்த முறை எஞ்சின் முழுவதும் கம்பைலாகாது, பிளகினும் அதைச் சார்ந்தவையும் மட்டுமே. நூற்றுக்கணக்கான கோப்புகள் ஓட ஆரம்பித்தால், ரெண்டரரின் ஹெடர் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று பொருள். கிட் ஸ்டேட்டஸில் பாருங்கள்.

எஞ்சினையே திருத்தச் சொல்லும் பிளகின்கள்

எஃப்எஸ்ஆர் 3க்கு இது வழக்கமாகத் தேவைப்படாது. ஆனால் சில கிராஃபிக்ஸ் பிளகின்கள் எஞ்சினுக்கான பேட்ச் கோப்போடு வரும். முதலில் கிட் அப்ளையை செக் என்ற தெரிவோடு ஓட்டி, எதையும் மாற்றாமல் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள். எல்லா வரிகளுமே பொருந்தவில்லை என்று வந்தால் சந்தேகம் வரிமுடிவுகள் மேல் போகட்டும். பேட்ச் லினக்ஸ் பாணி வரிமுடிவோடு இருக்கும், உங்கள் கோப்பு விண்டோஸ் பாணியில் இருக்கும். இக்னோர்-ஒயிட்ஸ்பேஸ் கொடுத்தால் போதும். ஓரிரு இடங்கள் மட்டும் பொருந்தாவிட்டால் ரிஜெக்ட் தெரிவோடு ஓட்டுங்கள். ஒட்டாத பகுதிகள் தனிக் கோப்பாக நிற்கும், அவற்றைக் கையால் சேர்க்கலாம். பேட்சைத் தனி கமிட்டாக வைத்தால் பின்னால் எடுப்பது எளிது.

இயக்குவதும், இயங்குகிறதா என்று உறுதிசெய்வதும்

எடிட்டில் பிளகின்ஸ் பக்கத்தைத் திறந்து எஃப்எஸ்ஆர் என்று தேடி, டிக் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். ஏற்கெனவே டிஎல்எஸ்எஸ் போன்ற இன்னோர் அப்ஸ்கேலர் இயங்கினால் அதை அணைத்துவிட்டே இதை இயக்க வேண்டும். ஒரு காட்சிக்கு ஒரே அப்ஸ்கேலர்தான். இரண்டும் உரிமை கோரினால், வியூ ஃபேமிலிக்கு ஏற்கெனவே அப்ஸ்கேலர் கொடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி எடிட்டர் கிராஷ் ஆகும். விளையாட்டின் செட்டிங்ஸ் மெனுவில் இரண்டையும் தரப்போகிறீர்கள் என்றால், முதலில் பழையதை அணைத்துப் பின் புதியதை இயக்கும் வரிசையை நிரலிலேயே கட்டாயமாக்குங்கள்.

திறக்கும்போதே, ஷேடர் வகை தாமதமாக ஏறியது, போஸ்ட்கான்ஃபிக்இனிட் பயன்படுத்து என்ற செய்தியோடு நின்றால், யாரோ யூபிளகின் கோப்பில் லோடிங்ஃபேஸ் மதிப்பை மாற்றியிருக்கிறார்கள். ஷேடர் உள்ள மாட்யூல்கள் எஞ்சின் முழுதாக எழுவதற்கு முன்பே ஏறியாக வேண்டும்.

எல்லாம் சரியாகத் திறந்தும் படத்தில் ஒரு மாற்றமும் இல்லையா? எடிட்டர் வியூபோர்ட்டில் எஃப்எஸ்ஆர் இயல்பாகவே அணைந்திருக்கும். பிளேயை நியூ எடிட்டர் விண்டோவிலோ ஸ்டாண்ட்அலோனிலோ ஓட்டுங்கள். விளிம்புகளை மழுக்கும் ஆன்டிஅலயஸிங் முறை டிஏஏ அல்லது டிஎஸ்ஆர் (டெம்பொரல் சூப்பர் ரெசொல்யூஷன்) ஆக இருக்கட்டும். கன்சோலைத் திறந்து ஃபிடிலிட்டி என்று தட்டினாலே பிளகினின் மாறிகள் பட்டியலாக விழும். அதில் எஃப்எஸ்ஆர்3.எனேபிள்ட் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். குவாலிட்டிமோட் 1 என்றால் ஒவ்வொரு பக்கமும் 1.5 மடங்கு, 2 என்றால் 1.7, 3 என்றால் 2, 4 என்றால் 3 மடங்கு பெரிதாக்கும். 4கே திரையில் குவாலிட்டி என்றால் உள்ளே 2560க்கு 1440இல் வரைகிறது, பெர்ஃபார்மன்ஸ் என்றால் 1920க்கு 1080. சாதாரண 1080 திரை லேப்டாப்பில் பெர்ஃபார்மன்ஸ் வைத்தால் உள்படம் 960க்கு 540 ஆகிவிடும். அவ்வளவு குறைந்த தகவலிலிருந்து எந்த அப்ஸ்கேலரும் நல்ல படம் தராது. 1080 திரைக்குக் குவாலிட்டிக்குக் கீழே இறங்காதீர்கள்.

கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ப்ரொஃபைல்ஜிபியு ஓட்டி, டெம்பொரல் சூப்பர் ரெசொல்யூஷன் இருந்த இடத்தில் ஃபிடிலிட்டிஎஃப்எக்ஸ் பெயர் இருக்கிறதா பாருங்கள். கூடவே ஸ்டாட் யூனிட். அதில் கேம் எண் ஜிபியு எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் தாமதம் சிபியு பக்கம் இருக்கிறது. அங்கே எஃப்எஸ்ஆர் போட்டு ஃப்ரேம் கூடவில்லையே என்று வருந்திப் பயனில்லை. இரண்டு ஃப்ரேம்களுக்கு இடையே புதிதாக ஒன்றை உருவாக்கிச் செருகும் ஃப்ரேம் இண்டர்பொலேஷனை இப்போதைக்கு அணைத்தே வையுங்கள். அப்ஸ்கேலிங் மட்டும் நொடிக்கு 60 ஃப்ரேமைத் தொட்ட பிறகு அதைப் பார்க்கலாம்.

பேய்நிழலுக்கு நல்ல சோதனைக் காட்சி

தீபாவளி நேரத்துச் சிராங்கூன் சாலையை ஒரு சிறு லெவலாக அமைத்துப் பாருங்கள். அப்ஸ்கேலரின் பலவீனங்கள் எல்லாம் ஒரே இடத்தில் அகப்படும். சாலைக்கு மேல் அலங்கார வளைவைத் தாங்கும் மெல்லிய கம்பிகள், சிமிட்டும் விளக்குகள், மழை, நகரும் பேருந்து.

நகரும் பொருளுக்குப் பின்னால் முந்தைய ஃப்ரேமின் தடம் மங்கலாகத் தங்குவதுதான் பேய்நிழல். பேருந்து நகரும்போது அதன் உடலுக்குப் பின்னால் அது படியாது, ஏனென்றால் பொருளின் நகர்வு வெலாசிட்டி பஃபரில் எழுதப்படுகிறது. ஆனால் பேருந்தின் நெற்றியில் ஓடும் எல்இடி எழுத்து இழுபடும். அது மெட்டீரியலில் யூவியை (பரப்பின்மேல் படம் ஒட்டும் இடத்தை) நகர்த்தி உருவாக்கிய அசைவு, பொருள் நகரவில்லை, ஆகவே வெலாசிட்டி பூஜ்யம். நின்றிருக்கும் பரப்பு என்று எஃப்எஸ்ஆர் நினைத்து முந்தைய ஃப்ரேம்களை அதன்மேல் கலக்கிறது. இதற்குப் பிளகின் அமைப்புகளில் உள்ள ரியாக்டிவ் மாஸ்க் பகுதியைப் பாருங்கள், அது பழைய ஃப்ரேமின் பங்கைக் குறைக்கும். மழைத்துளி போன்ற டிரான்ஸ்லூசண்ட் பொருள்களுக்கு மெட்டீரியலில் வெலாசிட்டியை வெளியிடும் தெரிவை டிக் செய்யுங்கள். கம்பிகள் நடுங்கினால் ஷார்ப்னஸைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கூர்மையை மிதமிஞ்சி ஏற்றியதுதான் காரணமாக இருக்கும்.

பேக்கேஜும் பகிர்வும்

பேக்கேஜ் செய்தபின் எஞ்சின் நிறுவாத கணினி ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினியில் ஓடுவது சான்றாகாது, எஞ்சின் ஃபோல்டரிலிருந்து டிஎல்எல்லை எடுத்துக்கொண்டு ஓடலாம். பேக்கேஜ் ஃபோல்டருக்குள் மூன்றாம் தரப்பு டிஎல்எல் வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

குழுவோடு பகிரும்போது மறைந்திருக்கும் ஒரு சிக்கல் உண்டு. அன்ரியலின் கிட்இக்னோர் கோப்பு எல்லாவற்றையும் முதலில் விலக்கிவிட்டு, பெயர் குறித்த நீட்டிப்புகளை மட்டுமே அனுமதிக்கும். எஞ்சினுக்குள் வைத்த பிளகினின் சி++ கோப்புகள் கமிட்டாகும், லிப், டிஎல்எல் கோப்புகள் சத்தமில்லாமல் விடுபடும். உங்களிடம் எல்லாம் ஓடும், நண்பரிடம் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற எல்என்கே1104 பிழை வரும். கிட் ஆட் கொடுக்கும்போது ஃபோர்ஸ் தெரிவோடு அவற்றைச் சேருங்கள். 100 எம்பியைத் தாண்டிய கோப்பைக் கிட்ஹப் ஏற்காது. ஃபோர்க்கைப் பொதுவாக்குவதும் கூடாது. எஞ்சின் மூலநிரலை எபிக்கின் உரிமம் ஏற்றவர்களுக்குள் மட்டுமே பகிரலாம்.

பின்னாளில் 5.5க்குப் போகும்போது புதிய பிளகினைப் பழையதன் மேல் நகலெடுத்துப் போடாதீர்கள். மாட்யூல் ஃபோல்டரில் கிடக்கும் சிபிபி கோப்புகள் எல்லாவற்றையும் அன்ரியல்பில்ட்டூல் கம்பைல் செய்யும். புதிய பதிப்பில் நீக்கப்பட்ட பழைய கோப்பு ஒன்று மிஞ்சியிருந்தாலே பில்ட் உடையும். எஃப்எஸ்ஆர்3 ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டுப் புதியதை வையுங்கள்.